கவுன்சிலர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை, வழக்குப் போடலாமா?

வட மாவட்டம் ஒன்றிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வாசகி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். அவர்கள் பகுதி முன்பு ஊராட்சியாக இருந்து, பிறகு நகராட்சியோடு சேர்க்கப்பட்டது. இரண்டு தெருக்கள், ஏறக்குறைய 90 வீடுகள். தெருவில் கால்வாய் இருக்கிறது, ஆனால் அது எங்கும் போய்ச் சேரவில்லை. தெருக்கோடியில் அப்படியே நின்றுவிடுகிறது. மழை பெய்தால் சாக்கடையும் மழைநீரும் கலந்து முழங்கால் வரை வரும். மூன்று வருடமாக மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கவுன்சிலர் முதலில் "பாக்கலாம்மா" என்றார், அப்புறம் "நிதி இல்லை" என்றார், இப்போது போனையே எடுப்பதில்லை. எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு எப்போது போனாலும் "அண்ணன் சென்னையில் இருக்கார்" என்பதுதான் பதில். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுத்த மனுவுக்கு, நகராட்சி ஆணையருக்கு அனுப்பப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தியும், பிறகு மனு முடித்து வைக்கப்பட்டதாக இன்னொன்றும் வந்தன. தண்ணீர் மட்டும் வடியவில்லை.

இதற்கிடையே, பக்கத்து வீட்டு இளைஞர் தேங்கிய சாக்கடையை வீடியோ எடுத்து, "கவுன்சிலர் கமிஷன் வாங்கிக்கொண்டு எங்கள் நிதியை அடுத்த தெருவுக்குத் திருப்பிவிட்டார்" என்று பேசிப் பதிவிட்டுவிட்டார். வழக்குப் போடுவோம் என்று கவுன்சிலர் தரப்பிலிருந்து மிரட்டல் வந்திருக்கிறது. தெருக்காரர்கள் சாலை மறியல் செய்யவும், அதற்கும் மசியாவிட்டால் அடுத்த தேர்தலைப் புறக்கணிக்கவும் பேசி முடித்திருக்கிறார்கள். வாசகியின் மகன் காவலர் எழுத்துத் தேர்வில் தேறி அடுத்த கட்டத்துக்குக் காத்திருக்கிறார்.

"ஓட்டுப் போட்ட எங்களுக்குப் பதில் சொல்லும் கடமை இவர்களுக்குக் கிடையாதா? கவுன்சிலர் மீது வழக்குப் போட முடியுமா? பதவியிலிருந்து இறக்க வழி உண்டா? மறியலுக்கு நானும் என் மகனும் போகலாமா?" இவைதான் அவர் கேட்கும் கேள்விகள்.

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. மூன்று வருடம் விடாமல் மனு எழுதியதே பெரிய காரியம்; பெரும்பாலோர் இரண்டாவது மழைக்காலத்திலேயே விட்டுவிடுவார்கள். ஆனால் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. வாக்காளர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும், கொடுத்த மனுவுக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று கவுன்சிலரையோ எம்.எல்.ஏ.வையோ கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை. தேர்தல் நேரத்தில் உங்கள் தெருவுக்கு வந்து அவர்கள் கொடுத்த வாக்குறுதியையும் நீதிமன்றத்தில் ஒப்பந்தம்போல வைத்து நிறைவேற்றச் சொல்ல முடியாது. தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் பற்றிய வழக்கு ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போனது. அவற்றை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை என்று சொல்ல முடியாது என்று 2013இல் தீர்ப்பானது.

பதவியிலிருந்து இறக்குவதும் அப்படித்தான். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற சில மாநிலங்களில் நகராட்சித் தலைவரை மக்களே திரும்ப அழைக்க வழி உண்டு. நம் மாநிலத்தில் கவுன்சிலருக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கு நாட்டில் எங்குமே இல்லை. ஒரு கவுன்சிலர் தகுதி இழப்பதற்கான காரணங்களைச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. போனை எடுக்காதது அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் எல்லாக் கதவும் அடைத்துவிட்டதா என்றால், இல்லை. கால்வாய் கட்டிப் பராமரிக்கும் கடமை கவுன்சிலர் என்ற தனி மனிதருடையது அல்ல, நகராட்சி என்ற அமைப்புடையது. அந்த அமைப்பின் நிர்வாகப் பொறுப்பு ஆணையரிடம் இருக்கிறது. நீங்கள் மூன்று வருடமாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாதவர்களிடம் அதிகமாகவும், அந்த அதிகாரம் உள்ளவரிடம் குறைவாகவும் பேசியிருக்கிறீர்கள். கடிதத்தோடு நீங்கள் இணைத்த மனுக்களைப் பார்த்தேன். ஒன்றுகூட நேரடியாக ஆணையர் பெயருக்கு எழுதப்படவில்லை.

கோப்பு எங்கே நிற்கிறது?

நகராட்சியில் ஒரு கால்வாய் எப்படி வருகிறது என்று பாருங்கள். பொறியியல் பிரிவினர் இடத்தை அளந்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அதற்குத் தொழில்நுட்ப அனுமதி வேண்டும், எந்த நிதியிலிருந்து செலவு என்று முடிவாக வேண்டும், மன்றத்தில் தீர்மானம் வர வேண்டும், பிறகு டெண்டர். "நிதி இல்லை" என்று கவுன்சிலர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். மதிப்பீடே போடாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னதாகவும் இருக்கலாம். மதிப்பீடே இல்லாத வேலைக்கு எவ்வளவு நிதி வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? இந்தச் சங்கிலியில் உங்கள் கால்வாய் எந்தக் கண்ணியில் நிற்கிறது என்பது உங்களுக்கும் தெரியவில்லை. கவுன்சிலருக்கே தெரியாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

தெரிந்துகொள்ள 10 ரூபாய் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6இன் கீழ், நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "ஏன் எங்கள் தெருவைப் புறக்கணிக்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் அந்தச் சட்டப்படி கேட்க முடியும். அதனால் கேள்விகளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்:

1. இன்ன தேதியில் நாங்கள் கொடுத்த மனு, கலெக்டர் அலுவலகத்திலிருந்து இன்ன எண்ணில் வந்த மனு ஆகியவை தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்.
2. எங்கள் தெருக்களின் மழைநீர் வடிகாலுக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் நகல். தயாரிக்கப்படவில்லை என்றால் அந்த விவரம்.
3. கடந்த மூன்று நிதியாண்டுகளில் எங்கள் வார்டில் நடந்த பணிகள், ஒவ்வொன்றின் தொகை, நிதித் தலைப்பு.
4. எங்கள் வார்டில் நடந்த வார்டு குழு, ஏரியா சபைக் கூட்டங்களின் தேதிகளும் நடவடிக்கைக் குறிப்புகளும்.

30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலர் தன் கையிலிருந்து அபராதம் கட்ட நேரலாம் என்பதால், தகவல் கேட்ட விண்ணப்பம் மேசையில் கிடக்கும் மற்ற மனுக்களைவிடச் சற்று வேகமாக நகரும். ஆணையம் வரை போனால் மட்டும் நீண்ட காத்திருப்புக்குத் தயாராக இருங்கள்.

மூன்றாவது கேள்வியின் பதில் இளைஞர் வீடியோவில் சொன்னதற்கும் விளக்கம் தரும். நிதி அடுத்த தெருவுக்குப் போனதா, எப்போது, எவ்வளவு என்று காகிதத்தில் தெரியும். நான்காவதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. கிராமங்களில் கிராமசபை இருப்பதுபோல, நகர்ப்புறங்களுக்கும் வார்டு குழு, ஏரியா சபை ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2022இல் விதிகள் வந்தன. கவுன்சிலர் உங்கள் முன் வந்து உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அதுதான். கூட்டம் நடந்ததாகப் பதிவேட்டில் இருந்து, அது உங்களில் யாருக்குமே தெரியவில்லை என்றால், அதை எழுத்தில் ஆணையரிடம் கேளுங்கள்.

கலெக்டர் அலுவலகத்தின் "மனு முடித்து வைக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை முடிந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. கீழ் அலுவலகத்திலிருந்து ஏதோ ஒரு பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்ற ஒற்றை வரியோடு மனுக்கள் முடிக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. அந்தப் பதிலின் நகலை வாங்கினால், நகராட்சி எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்பது கையில் இருக்கும். பிறகு 1100 என்ற முதல்வர் உதவி எண்ணுக்கோ முதலமைச்சர் தனிப்பிரிவுக்கோ போகும்போது, மறுபடி முதலிலிருந்து கதை சொல்லாமல் அந்தப் பதிலையே மறுத்து எழுதலாம்.

கவுன்சிலரிடம் என்ன கேட்பது?

"எங்கள் பிரச்சினையைத் தீர்த்து வையுங்கள்" என்பது அவரால் செய்ய முடிகிற வேலை இல்லை. மன்றத்தில் அவர் பல உறுப்பினர்களில் ஒருவர். தலைவரோடு ஒத்துப்போகாதவராக இருந்தால் அவர் குரல் இன்னும் மெல்லியது. கவுன்சிலரைக் காப்பாற்றிப் பேசுவதாக நினைக்காதீர்கள். செய்ய முடியாததைக் கேட்டால் யாரும் போனை எடுக்கமாட்டார்கள் என்கிறேன். செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: "அடுத்த மன்றக் கூட்டத்தில் எங்கள் தெரு வடிகாலுக்கு மதிப்பீடு போடச் சொல்லிக் கோரிக்கை வையுங்கள்." ஒரே பக்கம், ஒரே கோரிக்கை, தேதி தெரியும் புகைப்படங்கள், கால்வாய் எங்கே நிற்கிறது, பக்கத்தில் எந்த ஓடையில் சேர்க்கலாம் என்று கையால் வரைந்த ஒரு படம். உங்கள் பழைய மனுக்களில் தெருவிளக்கு, நாய்த் தொல்லை, ரேஷன் கடை எல்லாம் ஒன்றாக இருந்தன. அப்படி ஒரு மனு எந்த அலுவலரின் மேசைக்கும் சொந்தமாகாது.

மனுவை நேரில் கொடுத்து இன்னொரு நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். நகல் ஆணையருக்கும் நகர்மன்றத் தலைவருக்கும் போகட்டும். வேலை நடந்தால் கல்வெட்டில் பெயர் கவுன்சிலருடையதாகவே இருக்கட்டும், அதில் நமக்கு என்ன நஷ்டம்?

எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். இரண்டிலும் அவர்கள் செய்வது பரிந்துரை மட்டும். அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். முழு வடிகாலுக்கு இல்லாவிட்டாலும், தெருக்கோடியிலிருந்து ஓடை வரை ஒரு சிறுபாலமும் குழாயும் போடும் அளவுக்குக் கேட்கலாம். நகராட்சிப் பொறியாளரின் மதிப்பீட்டு நகலோடு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் அந்த அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு. சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழுவும் இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினைகளைத்தான் அது எடுத்துக்கொள்ளும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை இருக்க வேண்டும். மாவட்டங்களுக்கு வரும் முன் மனுக்களைக் கேட்டு அறிவிப்பு வரும், செய்தித்தாளில் கவனித்து வாருங்கள். அந்தக் குழு ஆய்வுக்கு வரும்போது, பதில் சொல்ல வேண்டிய துறை அலுவலர்கள் எதிரில் இருப்பார்கள்.

நீதிமன்றம் போவதாக இருந்தால்

வழக்கு கவுன்சிலர் மீது இல்லை, நகராட்சி மீது. மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் எடை வேறு வேறு.

முதலில் கோட்டாட்சியர். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 152. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகர மக்கள் இந்த வழியில்தான் போனார்கள். திறந்த சாக்கடையும் நாற்றமும் தாங்காமல் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டார்கள், அவர் நகராட்சிக்கு உத்தரவு போட்டார். பணம் இல்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சட்டம் சுமத்திய கடமையைச் செய்யாமல் இருக்க நிதிப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது என்று தீர்ப்பு வந்தது. உங்கள் கவுன்சிலர் சொன்ன அதே பதிலுக்கு 1980லேயே மறுப்புச் சொல்லியாகிவிட்டது. இந்த மனுவை வழக்கமான புகார் போல எழுதாமல், பிரிவைக் குறிப்பிட்டு, எண்ணிட்டுப் பதிவு செய்யச் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாவது, நிரந்தர மக்கள் நீதிமன்றம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் பொதுச் சுகாதாரமும் துப்புரவும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நீதிமன்றக் கட்டணம் இல்லை. முதலில் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். உங்கள் மாவட்டத்துக்கு அது எங்கே இயங்குகிறது என்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

மூன்றாவது, உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது அரசு அமைப்பு தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கோரும் மனு. இங்கே ஒரு எச்சரிக்கை. "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்" என்று கேட்டு வழக்குப் போடுவது எளிது, உத்தரவும் சீக்கிரம் கிடைக்கும். தெருவில் பட்டாசுகூட வெடிப்பீர்கள். ஆனால் அந்த உத்தரவில் பெரும்பாலும் இருப்பது, "இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்பதுதான். நகராட்சி பரிசீலித்து, நிராகரித்து, கடிதம் அனுப்பிவிட்டால் உத்தரவு நிறைவேறிவிட்டது! இப்படிப்பட்ட உத்தரவுகளின் பயன் பற்றி உச்ச நீதிமன்றமே சில தீர்ப்புகளில் அதிருப்தி தெரிவித்திருக்கிறது. போவதானால், கோப்பு நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு, வடிகால் அமைக்கவே உத்தரவு கேளுங்கள். அதனால்தான் தகவல் உரிமை விண்ணப்பத்தை முதலில் சொன்னேன்.

மறியல், புறக்கணிப்பு, வீடியோ

அமைதியாகக் கூடிக் குரல் எழுப்புவது உங்கள் அடிப்படை உரிமை. சாலையை மறிப்பது அதற்குள் அடங்காது. பேருந்து நின்றால் வழக்குப் பதிவு செய்வார்கள், முதலில் நிற்பவர்கள் பெயர் முதல் தகவல் அறிக்கையில் வரும். பின்னால் அது ரத்தாகலாம். ஆனால் காவலர் பணிக்கான பின்னணிச் சரிபார்ப்பு வரும் நேரத்தில் நிலுவையில் ஒரு குற்ற வழக்கு இருந்தால், உங்கள் மகனின் வேலையே கைவிட்டுப் போகலாம். வழக்கை மறைத்தால் இன்னும் மோசம். அதனால் மகன் அந்தப் பக்கமே வேண்டாம். நீங்கள் போக விரும்பினால், முன்கூட்டியே காவல்துறை அனுமதி கேட்டு நகராட்சி அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் நடத்தச் சொல்லிப் பாருங்கள். போக்குவரத்தில் சிக்கிய பயணிகளால் உங்களுக்குக் கால்வாய் கட்ட முடியாது, அவர்களைக் கோபப்படுத்தி என்ன பயன்?

தேர்தல் புறக்கணிப்பு குற்றம் இல்லை. வாக்களிக்காமல் இருப்பது உங்கள் விருப்பம். அடுத்தவரைப் போகவிடாமல் தடுத்தால் அது குற்றம். புறக்கணிப்பு அறிவித்தால் தாசில்தார் ஓடி வந்து பேச்சுவார்த்தை நடத்துவார் என்பதும் உண்மைதான். அப்படி வந்தால் வாய்மொழி உறுதியோடு அனுப்பிவிடாதீர்கள். எந்தத் தேதிக்குள் என்ன செய்யப்படும் என்று எழுதிக் கையொப்பமிட்ட தாளைக் கேளுங்கள்.

ஆனால் நடைமுறையில் ஒரு கணக்கு இருக்கிறது. சட்டமன்றத் தேர்தல் முடிந்ததும் படிவம் 20இல் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று வெளியாகும். எல்லாக் கட்சிக்காரர்களும் அதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். இழுபறியான வாக்குச்சாவடிக்கு எல்லோரும் வருவார்கள். ஓட்டே விழாத இடத்தை அடுத்த முறை தங்கள் பிரசாரப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டாவும், சட்டமன்றத் தேர்தலில் அதிக எண்ணிக்கையில் விழுந்தாலும் அடுத்து வந்த வேட்பாளரின் வெற்றியைத் தடுக்காது. என்னைக் கேட்டால், 90 வீட்டு ஓட்டையும் போடுவோம், ஆனால் யாருக்கு என்று கடைசி நாள் வரை சொல்லமாட்டோம் என்று எல்லா வேட்பாளரையும் தெருக்கோடிக்கு நடக்கவைப்பது மேல்.

வீடியோ விஷயத்தில் தாமதிக்காதீர்கள். சாக்கடையைக் காட்டுவதும், மூன்று வருடமாக மனு கொடுத்தோம் யாரும் வரவில்லை என்று சொல்வதும் தவறில்லை. அதற்கு யாரும் பயப்பட வேண்டாம். இணையப் பதிவுக்காக வழக்குப் போட இடம் கொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015லேயே ரத்தாகிவிட்டது, அதைச் சொல்லி யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் பெயர் கெட்டதாக மானநஷ்ட ஈடு கேட்க முடியாது என்று 1994இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கவுன்சிலர் தனி மனிதரும்கூட. "கமிஷன் வாங்கினார்" என்பதற்குக் கையில் ஆதாரம் இல்லையென்றால், அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356இன் கீழ் அவதூறு ஆகலாம். இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. அந்த வரியை மட்டும் வெட்டி, தண்ணீரைக் காட்டும் பகுதியை மறுபடி போடச் சொல்லுங்கள். உண்மையிலேயே கமிஷன் நடந்ததற்கான ஆதாரம் ஆவணங்களில் தென்பட்டால், அதைக் கொண்டுபோக வேண்டிய இடம் உள்ளாட்சி முறைமன்ற நடுவம். அதற்கென்றே 2014இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதனால் கோட்டாட்சியர் மனுவோ ரிட்டோ உங்கள் பெயரில் போகட்டும். தெருவுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று தோன்றினால், ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துகொள்ளலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகும்போது, ஆதார் நகல், பழைய மனுக்கள், அந்த இரண்டு குறுஞ்செய்திகளின் அச்சுப்பிரதி, தேதி தெரியும் படங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தகவல் உரிமை விண்ணப்பத்தை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்; வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த 30 நாள் முடிந்தாக வேண்டும்.